தண்ணீர்த் தாங்கி இழுக்க ஒரு கெப்: வாங்க முதல் போட வேண்டிய கணக்கு

கிளிநொச்சியில் இருக்கும் என் சித்தப்பாவிடம் முன்பு உழவு இயந்திரமும் பெட்டியும் இருந்தன. 2009இல் இரண்டையும் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். கடந்த கோடையில், வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய கெப் வாங்கப்போவதாகச் சொன்னார். "ஆயிரம் லீற்றர் தாங்கி ஒண்டுதானே, இழுக்காதே?" என்று கேட்டார்.

கெப் இழுக்கும். நிறுத்துவதுதான் சிக்கல். ஆயிரம் லீற்றர் தண்ணீர் என்றால் ஆயிரம் கிலோ. அதோடு தாங்கியின் நிறையும் பெட்டியின் நிறையும் சேரும். தனியாகப் பிரேக் இல்லாத பெட்டிக்கு இவ்வகை வாகனங்களில் பெரும்பாலும் 750 கிலோதான் எல்லை. அதற்கு மேல் போனால் பெட்டிக்கும் பிரேக் வேண்டும். அரைவாசி நிரம்பிய தாங்கி இன்னும் மோசம். திடீரெனப் பிரேக் பிடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். அதனால் தாங்கிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கவேண்டும். பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு கொக்கியில் அமர வேண்டும். பின்பக்கம் பாரம் கூடினால் பெட்டி வாலாட்டத் தொடங்கிவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கெப்களின் விலையும் ஏறியது. 2025இல் தடை தளர்ந்தாலும் வரிகளோடு புதியது நம்மில் பலருக்கு எட்டாது. ஆகவே பழையதைத்தான் பார்க்கிறோம். பெயின்ற் பளபளப்பை விடுங்கள், கீழே படுத்துச் செஸியைப் பாருங்கள். கடற்கரையில் ஓடிய வண்டியின் செஸி உள்ளிருந்தே உக்கிப்போயிருக்கும். சிறு சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள், குளிரில் அது எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கத்தான். கிளச்சைச் சோதிக்க, கைப்பிரேக்கைப் போட்டு மூன்றாம் கியரில் கிளச்சை மெல்ல விடுங்கள். என்ஜின் நின்றுவிட்டால் நல்லது, நிற்காமல் உறுமினால் கிளச் வழுக்குகிறது. பழைய 4டி56 என்ஜின் போட்ட மிற்சுபிசி எல்200 என்றால் டைமிங் பெல்ற் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். தெரியாது என்றால் உடனே மாற்றுங்கள், அது அறுந்தால் என்ஜினே போய்விடும்.

மிச்சக் கணக்கு லீசிங்கில் இருக்கிறது. 20 இலட்சம் ரூபாயை 5 வருடத்துக்கு "12 வீதம்" என்று எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீதத்தை முழுத் தொகைக்கும் போட்டால் வட்டி 12 இலட்சம், மாதத் தவணை ஏறத்தாழ 53,300 ரூபாய். கட்டக் கட்டக் குறையும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி 20 வீதத்தைத் தாண்டும். எனவே வீதத்தை மட்டும் கேளாமல், "மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடைசித் தவணை முடியும்வரை உரிமையாளர் நீங்கள் அல்ல, நிதி நிறுவனம்தான். மாரியில் தண்ணீர் வாங்க ஆள் இருக்காது, தவணை மட்டும் நிற்காது.

சித்தப்பா டபுள் கெப் ஆசையை விட்டார். பழைய சிங்கிள் கெப் ஒன்றை, அரைவாசிக் கடனில் எடுத்தார். மிஞ்சிய காசில் பெட்டிக்குப் பிரேக் போட்டிருக்கிறார்.