மலை ஏறும் ஜீப்புக்கு நாடி பார்ப்போம்

போடிநாயக்கனூரில் சேவல் கூவுவதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. கையில் தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய் வேலை செய்துவிட்டு, மாலையில் அதே வண்டியில் வீடு திரும்புகிறார்கள். உலகமெங்கும் மணக்கும் ஏலக்காய்க்குப் பின்னால் இவர்களுடைய உழைப்பு இருக்கிறது. இந்த ஜீப்புகளின் உழைப்பும் இருக்கிறது.

இவற்றில் பல வயது முதிர்ந்தவை. "வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, டீசலை மட்டும் குடம் குடமாகக் குடிக்கிறது" என்பது சொந்தக்காரர்களின் நித்தியப் புலம்பல். காரணம் கேட்டால் இரண்டே பதில்கள்தாம். ஒன்று, "மலை அப்படி." மற்றொன்று, "வயது அப்படி." இரண்டிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையை நம்பிப் பணப்பையை முழுவதும் காலி செய்துவிடக் கூடாது.

மலை கேட்கும் நியாயமான கூலி

மலையின் பங்கு எவ்வளவு என்று முதலில் கணக்குப் பார்ப்போம். போடியிலிருந்து மெட்டு வரையில் ஏற்றம் சுமார் 1,000 மீட்டர். ஆட்களுடன் 2 டன் எடையுள்ள ஒரு வண்டியை அவ்வளவு உயரம் தூக்க வேண்டும். டீசலிலுள்ள சக்தியில் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், தூக்குவதற்கு மட்டும் 2 லிட்டருக்குச் சற்று மேல் செலவாகும். சாலையின் உராய்வுக்கு இன்னும் ஒரு லிட்டர் அல்லது ஒன்றரை லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம். மேலும், மெட்டில் காற்றின் அடர்த்தி போடியைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே யந்திரம் கொஞ்சம் மூச்சு வாங்குவது இயற்கையே.

இதுவரை மலைக்கு நாம் செலுத்த வேண்டிய நியாயமான கூலி. இதற்கு மேல் போவதெல்லாம் நோய். நோய் இன்னதென்று கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, பிறகுதான் தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் வைத்தியருக்கு வகுத்த வரிசை. மோட்டார் வைத்தியருக்கும் அதே வரிசைதான்.

முதலில் அளவு

'நிறையக் குடிக்கிறது' என்பது ஓர் அளவு அல்ல. டாங்கியை வாய்வரை நிரப்புங்கள். வழக்கமான பாதையில், வழக்கமான பாரத்துடன் போய் வாருங்கள். அதே பங்கில் மறுபடியும் வாய்வரை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மூன்று தடவை எழுதினால் உண்மை தெரியும். இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், குடித்த டீசல் எவ்வளவு, சிந்திய டீசல் எவ்வளவு என்பதும் விளங்கும்.

யந்திரத்துக்கு வெளியே

யந்திரத்தைத் திறப்பதற்கு முன் வெளியே பார்க்க வேண்டும். இறக்கத்தில் ஓயாமல் மிதிபடும் பிரேக், சில சமயம் காலை எடுத்த பிறகும் விடுவதில்லை. சமதரையில் பிரேக் அதிகம் மிதிக்காமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் திருடன் அங்கே இருக்கிறான். டயரில் காற்றுக் குறைவும் அப்படியே. ஏற்றத்தில் யந்திரம் கத்துகிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. இவற்றுக்கெல்லாம் யந்திரத்தைப் பழி சொல்வது, செருப்பில் கல் இருக்க இருதயத்துக்கு மருந்து தேடுவது போலாகும்.

புகை சொல்லும் செய்தி

அடுத்தது புகை. கரும்புகை வந்தால், காற்று போதவில்லை அல்லது டீசல் மிஞ்சுகிறது. மலைச்சாலைத் தூசி அடைத்த ஏர் பில்டரை முதலில் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். செலவு மிகச் சிறியது, பலன் பெரியது. பிறகு இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். பனிபோல் தூவ வேண்டிய நாசில், தேய்ந்த பிறகு குழாய்போல் ஒழுக ஆரம்பித்துவிடும்.

நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வின் பக்கமோ தேய்ந்திருக்கலாம். காலைக் குளிரில் சற்று நேரம் வெண்புகை வருவது குற்றமில்லை. சூடேறிய பிறகும் அது நீடித்தால், டீசல் எரியாமல் போகிறது அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது.

இங்கே ஒரு விபரீத வைத்தியத்தைச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிந்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. யந்திரம் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சிறு கதவு அது. அதை எடுத்துவிட்டால், விடியற்காலைக் குளிரிலும் இறக்கத்திலும் யந்திரம் உரிய சூட்டை அடைவதே இல்லை. டீசல் வீணாகிறது, ரிங்குகளும் சீக்கிரம் தேய்கின்றன. கொதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டர் அல்லது தளர்ந்த பெல்ட்.

இத்தனையும் பார்த்த பின்பு டாப்பெட் இடைவெளி, பம்பின் டைமிங், கடைசியாகக் கம்ப்ரஷன். இதில் தேறாத யந்திரத்துக்குத்தான் ரண சிகிச்சை வேண்டும். முதல் நாளே அல்ல.

கடற்கரைக்கும் இதே வைத்தியம்

போடிமெட்டின் வழியே செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மதுரையைக் கடந்து தொண்டிக் கடற்கரையில் போய் முடிகிறது. அங்கே படகின் பின்னால் மாட்டிய பழைய மோட்டாருக்கும் வரிசை மாறுவதில்லை. ஜீப்புக்குப் பிடித்துக்கொண்ட பிரேக் எப்படியோ, படகுக்கு அடியில் ஒட்டிய பாசியும் சிப்பியும், வலை சுற்றிக்கொண்ட விசிறியும் அப்படி. அவற்றை நீக்கிய பிறகே பிளக்கையும் கார்ப்புரேட்டரையும் தொட வேண்டும்.

சிக்கனம் அல்ல, ஆபத்து

டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி, இறக்கத்தில் கியரை விலக்கி வண்டியை உருட்டிவிடும் டிரைவர்கள் இருக்கிறார்கள். சிலர் யந்திரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். கியரில் இருக்கும் டீசல் யந்திரம், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் அநேகமாக ஒரு துளியும் குடிப்பதில்லை. கியரை விலக்கினால்தான் சும்மா சுற்றுவதற்காகக் குடிக்கிறது. யந்திரத்தை நிறுத்தினாலோ, பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவம் போய்விடும். சூடேறிய பிரேக் வளைவில் கைவிட்டால், விலை கொடுக்க வேண்டியவர்கள் பின்னால் அமர்ந்திருக்கும் பெண்கள். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய விதி. அதுவே நல்ல விதி.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரியைப் புகைத்து அந்த வாயுவில் பஸ் ஓட்டிய நாடு இது. அதற்கான கருவியை மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமே தயாரித்தது. இன்று பங்கில் கேட்டவுடன் டீசல் கிடைக்கிறது. ஆயினும் நாடு செலவிடும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கடல் கடந்துதான் வருகிறது. கரும்புகையாகப் போகும் ஒவ்வொரு லிட்டரும் தேசத்தின் பணம். வண்டிச் சொந்தக்காரரின் லாபம். முடிவில், தோட்டத்துப் பெண்ணின் கூலியிலும் அது கை வைக்கும். ஒரு நோட்டுப் புத்தகமும், சுத்தமான ஒரு ஏர் பில்டரும், சற்றே பொறுமையும் இருந்தால் அந்த நஷ்டத்தில் பெரும் பகுதியைத் தடுத்துவிடலாம். நாளை விடியற்காலையில் வண்டியைக் கிளப்பும்போது, புகையின் நிறத்தை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.