சைக்கிளில் லாங் ரைடா? 21 கியரை விடுங்க, இந்த ரெண்டு நம்பரைப் பாருங்க

புதுச்சேரி சாரத்திலிருந்து ஈசிஆரில் மகாபலிபுரம் வரை சைக்கிள் மிதிப்பவருக்கு மேடு பிரச்சினையே இல்லை, எதிர்க்காற்றுதான் வில்லன். அதே சைக்கிளில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பார்த்தால்தான் முழங்காலின் அருமை தெரியும்.

கடையில் '21 கியர்' என்பார்கள். அதை விடுங்க. பெடல் பக்கம் இருப்பதில் சின்ன பல்சக்கரம், பின்சக்கரத்தில் இருப்பதில் பெரிய பல்சக்கரம்: இந்த ரெண்டிலும் எத்தனை பல் என்று கேளுங்க. முன்னால் 34, பின்னால் 28 என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.2 சுற்று சுற்றும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க, மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஏறியாக வேண்டும். பின்னால் 34 பல் இருந்தால் ஏழரை கி.மீ. போதும். பைகளோடு செங்குத்தாக ஏறும்போது, மிதிப்பதா, இறங்கித் தள்ளுவதா என்பதை அந்த ஒன்றரை கி.மீ.தான் முடிவு செய்யும். லக்கேஜ் அதிகமா? முன்னால் 30 பல் இன்னும் சுகம்.

லேசான கியர் போடக் கூச்சம் வேண்டாம். டூர் டி பிரான்ஸே 1937-ல்தான் டெரெய்லர் கியரை அனுமதித்தது!

பழைய சைக்கிளில் பின் கேசட்டை மட்டும் மாற்றலாம். ஆனால், அந்தப் பெரிய பல்சக்கரத்தை டெரெய்லர் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்க. செயினும் நீளமாகத் தேவைப்படலாம்.