கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை



தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு போல நீண்டு கிடப்பது தித்திவங்சா மலைத்தொடர். அதைக் குறுக்கே கடந்து, பேராக் மாநிலத்தின் கிரிக் நகரையும் கிளந்தானின் ஜெலியையும் இணைப்பதே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. நீளம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இச்சாலை வருமுன், பினாங்கிலிருந்து கோத்தா பாரு செல்லும் வாகனங்கள் தெற்கே வெகுதூரம் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

1970 ஆம் ஆண்டு தொடங்கிய வேலை, 1982 ஜூலை முதல் நாள்தான் முடிந்து திறப்பு விழா கண்டது. ஏன் இத்தனை ஆண்டுகள்? அடர்ந்த காடு ஒரு காரணம். எல்லைக் காடுகளில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுப் படையினர் இன்னொரு காரணம். 1974 இல் அவர்கள் சாலை போடும் இயந்திரங்களைத் தகர்த்தார்கள். படைவீரர்கள் காவல் நிற்க, தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். 1989 இல்தான் ஹாட்யாய் உடன்பாடு ஏற்பட்டு அமைதி வந்தது.

இனி வழியைப் பார்ப்போம். கிரிக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் தெமெங்கோர் ஏரி. அதன் நடுவே பண்டிங் தீவு, இருபுறமும் பாலங்கள். அங்கிருந்து படகேறி வடக்கே சென்றால் ராயல் பெலும் பூங்கா. ஏறக்குறைய 1,17,500 ஹெக்டர் பரப்புள்ள இக்காடு, 2007 இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புலியும் யானையும் இருவாட்சிப் பறவைகளும் இங்கே வாழ்கின்றன. ஜஹாய், தெமியார் பழங்குடி மக்களுக்கும் இதுவே தாயகம். உள்ளே செல்ல முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஏரியைத் தாண்டினால் சாலை 1,000 மீட்டருக்கும் மேல் ஏறி, மாநில எல்லையைக் கடந்து, ஜெலியை நோக்கி இறங்குகிறது.

இச்சாலையில் யானைகள் நடமாடுவது ஏன்? காட்டுக்குள் வெயில் படாது; புல் குறைவு. சாலையோரம் வெயில் விழுவதால் புல்லும் இளஞ்செடிகளும் தழைக்கின்றன. குருத்துக்கு யானை வரும் என்பது தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2025 மே மாதம் ஒரு குட்டி யானை இங்கே லோரியில் அடிபட்டு மாண்டது. தாய் யானை லோரியைத் தலையால் முட்டித் தள்ளி மீட்கப் பார்த்தது. அடுத்த மாதமே, ஜூன் 9 ஆம் நாள், பேருந்து கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர்.

ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். இருட்டில் கரிய யானையைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். நிற்பதற்கு இன்னும் பல மீட்டர் வேண்டும். தாழ்த்திய விளக்கின் வெளிச்சமோ அவ்வளவு தூரம் எட்டாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

ஆகவே, கல்யாணத்துக்கோ சுற்றுலாவுக்கோ வேன் பிடித்து இவ்வழியே செல்லும் குடும்பங்கள் பகலில் புறப்படுங்கள். பிரேக்கையும் டயரையும் முன்னதாகச் சோதித்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வரச் சொல்லுங்கள், ஓட்டுநரை விரட்டாதீர்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்கவோ, இறங்கிப் படமெடுக்கவோ வேண்டாம். அது கடந்து போகட்டும். பிறகு நாம் போகலாம்.