மீட்டர் கம்பி செய்வோம்

மைசூரில் விஜயநகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே எனக்கு ஒரு சின்னக் கடை. ரேடியோ, மிக்சி, டார்ச் விளக்கு எல்லாம் பழுது பார்க்கிறேன். கன்னடம் பேசுகிறவர்கள் வருவார்கள். தமிழ் பேசுகிறவர்களும் வருவார்கள்.

எங்கள் பக்கத்தில் யாதவகிரி. அங்கேதான் ஆகாசவாணி நிலையம் இருக்கிறது. 1935-ல் மைசூர் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் கோபாலசாமி தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். அதற்கு ஆகாசவாணி என்று பெயர். பிறகு அந்தப் பெயர் நாடு முழுவதற்கும் ஆனது. ரேடியோவுக்குப் பேர்போன ஊரில் ரேடியோ பழுது பார்க்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒரு நாள் ஓர் அக்கா மிக்சி கொண்டு வந்தார். அது ஓடவில்லை. திறந்து பார்த்தேன். பிளக்கைச் செருகி, உள்ளே மின்சாரம் வருகிறதா என்று மீட்டரை வைத்தேன். மீட்டர் 0 காட்டியது. மின்சாரம் வரவில்லை என்று நினைத்தேன். கை வைத்தேன்.

தூக்கி எறிந்தது. முதுகு சுவரில் மோதியது.

"ஐயோ தம்பி!" என்று அந்த அக்கா கத்தினார். ஆனால் என்னைத் தொடவில்லை. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். அவர் செய்ததுதான் சரி. மின்சாரம் பிடித்தவரைத் தொட்டால் நம்மையும் பிடிக்கும். முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும்.

மீட்டர் ஏன் 0 காட்டியது? மீட்டரில் பழுது இல்லை. மீட்டரின் கருப்புக் கம்பி உள்ளே அறுந்திருந்தது. மேலே ரப்பர் நன்றாக இருந்தது. உள்ளே செம்பு இழைகள் அறுந்து போயிருந்தன. கம்பி அறுந்தால் மீட்டருக்கு எதுவும் தெரியாது. அப்போதும் அது 0 தான் காட்டும்.

பிளக்கைக் கழற்றாமல் கை வைத்தது என் தப்பு. கம்பியைச் சோதிக்காமல் நம்பியதும் என் தப்பு.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டு மின்சாரத்தை அளக்கும் முன், விளக்கு எரிகிற பாயிண்டில் மீட்டரை வைத்துப் பார்ப்பேன். அது 230-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பிறகு பழுதான சாமானை அளப்பேன். 0 என்று வந்தால், திரும்பவும் எரிகிற பாயிண்டில் வைத்துப் பார்ப்பேன். நடுவில் கம்பி அறுந்திருக்கலாம் அல்லவா? மூன்று முறை அளப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மீட்டர் கம்பி எங்கே அறுகிறது தெரியுமா? நடுவில் அறுவது குறைவு. பிளக்கில் நுழையும் இடத்தில் அறும். கையில் பிடிக்கும் குச்சியில் நுழையும் இடத்தில் அறும். அதைக் கழுத்து என்று சொல்லலாம். அங்கேதான் கம்பி மடங்கி மடங்கி நிமிர்கிறது.

அறுந்த கம்பியை டேப் சுற்றி வீட்டு மின்சாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அதற்குப் புதுக் கம்பி வாங்குங்கள். பிளக்கின் உலோகம் வெளியே தெரியாதபடி மூடியிருக்க வேண்டும். குச்சியில் விரல் வழுக்காமல் இருக்க ஒரு வளையம் இருக்க வேண்டும். இது உயிர் விஷயம். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஆனால் பழைய கம்பியை எறியவும் வேண்டாம். கழுத்துப் பகுதியை இரண்டு அங்குலம் வெட்டி விடுங்கள். மீதிக் கம்பி நல்ல கம்பி. அதில் நாமே ஒரு ஜோடி செய்யலாம். அது பேட்டரிக்கு ஆகும். ரேடியோவுக்கு ஆகும். 12 வோல்ட் அடாப்டருக்கு ஆகும். அதற்கு மேல் வேண்டாம்.

எப்படிச் செய்வது?

ஒவ்வொரு கம்பியும் ஒரு மீட்டர் நீளம் இருந்தால் போதும். சிவப்பு ஒன்று, கருப்பு ஒன்று. மெல்லிய இழைகள் நிறைய உள்ள கம்பிதான் நல்லது. அதுதான் நன்றாக வளையும். ஒரே கெட்டிக் கம்பி சீக்கிரம் ஒடியும்.

ஒரு முனைக்குப் பனானா பிளக் வேண்டும். 4 மில்லிமீட்டர் பிளக் என்று கேளுங்கள். மறு முனைக்கு முதலை வாய் போன்ற கிளிப் வேண்டும். கடையில் குரோக்கடைல் கிளிப் என்று சொன்னால் தருவார்கள். பெங்களூரில் எஸ்.பி. ரோட்டிலும் சென்னையில் ரிச்சி தெருவிலும் இவை குவிந்து கிடக்கும். சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். கிளிப் இருந்தால் கம்பி தானாகவே பிடித்துக்கொள்ளும். நம் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

கிளிப்புக்குப் பதிலாகக் குச்சி வேண்டுமா? மோட்டார் வைண்டிங் கடையில் கெட்டியான செம்புக் கம்பித் துண்டு கேளுங்கள். அதன் மேல் எனாமல் பூச்சு இருக்கும். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். நுனியை அரத்தால் கூராக்குங்கள். பழைய பால்பாயிண்ட் பேனாவின் கூட்டுக்குள் கம்பியை முதலில் நுழைத்துவிட்டு, பிறகு செம்புத் துண்டோடு பற்ற வையுங்கள். கூட்டின் உள்ளே கம்பியில் ஒரு முடிச்சுப் போடுங்கள். இழுத்தால் முடிச்சு தாங்கும். பற்றவைத்த இடம் தப்பிக்கும்.

பற்ற வைக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. கம்பியில் ஸ்லீவ் மாட்ட வேண்டும். ஸ்லீவ் என்பது சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய். இதை எல்லோரும் மறப்பார்கள். நானும் மறந்திருக்கிறேன். பற்றவைத்து முடித்த பிறகுதான் ஞாபகம் வரும். திரும்பவும் பிரிக்க வேண்டும்.

சால்டரிங் அயர்ன் 25 வாட் போதும். முனையை இணைப்பில் வைத்துச் சூடாக்குங்கள். பிறகு ஈயக் கம்பியை இணைப்பில் தொடுங்கள். அயர்னில் ஈயத்தை உருக்கிக் கொண்டுவந்து பூசாதீர்கள். அப்படிப் பூசினால் ஒட்டியது போல இருக்கும், ஆனால் ஒட்டாது. கடைக்காரர்கள் இதை ட்ரை சால்டர் என்பார்கள். ஈயம் தண்ணீர் போல ஓடிப் பரவ வேண்டும். உருண்டையாக நின்றால் சரியில்லை. ஈயம் ஆறும்வரை கம்பியை ஆட்டக் கூடாது.

ஈயம் நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கழுவாமல் சாப்பிடாதீர்கள். ஈயக் கம்பியைக் குழந்தைகள் வாயில் வைக்கும்படி விடாதீர்கள். புகை முகத்தில் படாமல் சன்னல் பக்கம் உட்காருங்கள்.

கம்பி தயார். இப்போது சோதிக்க வேண்டும். மீட்டரை 200 ஓம் என்ற இடத்தில் வையுங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொடுங்கள். 0.2 அல்லது 0.3 என்று காட்டும். அது கம்பியின் சொந்தத் தடை. அது இருக்கத்தான் செய்யும். இப்போது கழுத்துப் பகுதியைப் பிடித்து ஆட்டுங்கள். எண் குதித்தால் இணைப்பு சரியில்லை. திரும்பச் செய்யுங்கள். வாரம் ஒரு முறை இப்படி ஆட்டிப் பாருங்கள். கடையில் வாங்கிய கம்பியையும் ஆட்டிப் பாருங்கள்.

கம்பியை மீட்டரில் எங்கே செருகுவது என்பதும் முக்கியம். கருப்புக் கம்பி காம் என்ற துளையில். சிவப்புக் கம்பி வோல்ட், ஓம் என்று எழுதிய துளையில். மூன்றாவதாக 10 ஆம்பியர் என்று ஒரு துளை இருக்கும். சிவப்புக் கம்பி அங்கே இருக்கும்போது வீட்டு மின்சாரத்தைத் தொட்டால் பெரிய ஆபத்து. அந்தத் துளைக்கு உள்ளே தடையே இல்லை என்று சொல்லலாம். இரண்டு ஒயரை நேராகச் சேர்த்து வைத்தது போல ஆகும். மீட்டர் வெடிக்கும், கை வெந்து போகும். விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்குப் பியூசும் கிடையாது. வாங்கும்போது கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மீட்டரில் பேட்டரி தீரும்போது சின்னப் பேட்டரி படம் தெரியும். அதன் பிறகு அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

தொழில் பழகுகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள். "அண்ணா, என்னென்ன சாமான் வாங்கணும்?" பெட்டி நிறைய வாங்காதே என்பேன். ஒரு மீட்டர், ஒரு அயர்ன், ஸ்டார் ஸ்குரூ டிரைவர் இரண்டு அளவில், தட்டை டிரைவர் ஒன்று, மூக்குக் குறடு, கட்டர். இவை போதும். முப்பது சாமான் உள்ள மலிவான பெட்டியைவிட ஆறு நல்ல சாமான் மேல். மட்டமான டிரைவரின் நுனி தேயும். அது ஸ்குரூவின் தலையையும் கெடுத்துவிடும். பிறகு அந்த ஸ்குரூவை யாராலும் கழற்ற முடியாது. கட்டரால் செம்பை மட்டும் வெட்டுங்கள். இரும்பு ஆணியை வெட்டினால் வாய் போய்விடும்.

இன்னொன்று. பழைய பெட்டி டிவியின் உள்ளே கை வைக்க அவசரப்படாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். தெரிந்தவரோடு இருந்து பழகுங்கள்.

அந்த அக்காவின் மிக்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கார்பன் தேய்ந்திருந்தது. இரண்டு கார்பனையும் மாற்றினேன். ஓடியது. அறுந்த கம்பியை வைத்துக்கொண்டு அரை நாள் சுவிட்சைத்தான் குடைந்துகொண்டிருந்தேன்.