தாமதித்து வரும் துணிக்கையும் தவறக்கூடாத கடிகாரமும்

ஒஷாவாவிலிருந்து ரொறன்ரோ நகரமையத்துக்கு வீதிவழியே ஏறத்தாழ 60 கிலோமீற்றர். அத்தூரத்தை ஒளி ஒரு செக்கனின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். அதனிலும் பதினாயிரம் மடங்கு சிறிய தாமதமொன்றைத் தேடியவர்களின் கதை இது. அவர்களது ஆய்வுகூடம் தமிழகத்தின் உதகமண்டலத்தில், கடல் மட்டத்திலிருந்து 2200 மீற்றர் உயரத்தில் இருந்தது.

விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது இலட்சக்கணக்கான துணிக்கைகள் மழையாகப் பொழிகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஒருங்கே நிலத்தை அடையும். திணிவு மிகுந்த துணிக்கையோ சற்றுப் பிந்தியே வரும். 100 ஜிகா இலத்திரன் வோல்ற்று சக்தியுடைய புரோத்தன் ஒரு கிலோமீற்றர் ஓட்டத்தில் ஒளிக்குப் பின்தங்குவது 0.15 நனோ செக்கன் மாத்திரமே. அதே சக்தியும் பத்து மடங்கு திணிவும் உடைய துணிக்கை ஏறத்தாழ 15 நனோ செக்கன் பின்தங்கும். ஒரு நனோ செக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு.

ஆயினும் தாமதம் மட்டும் சான்றாகாது. சக்தி குன்றிய சாதாரணத் துணிக்கையும் பிந்தி வரலாம். 401 நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஊர்ந்து வரும் காரையும் பாரவூர்தியையும் வேகத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. மோதலின் வலிமையே திணிவைக் காட்டும். எனவே நேரத்தோடு சக்தியையும் சேர்த்தே அளக்கவேண்டும்.

எஸ். சி. தொன்வார், எஸ். நாரணன், பி. வி. ஸ்ரீகண்டன் ஆகிய தாத்தா ஆராய்ச்சி நிறுவன அறிஞர் மூவரும், சக்தி மிகுந்தும் தாமதித்தும் வந்த துணிக்கைகள் குறித்து 1972 இல் ஆய்வுரை வெளியிட்டனர். புதிய கனத்த துணிக்கை உண்டோ என்ற வினா எழுந்தது. ஆயினும் அவ்வாறானதொரு துணிக்கை இன்றுவரை நிறுவப்படவில்லை.

இத்துறையில் கடிகாரம் பிசகினால் நேரும் விபரீதத்தை 2011 இல் உலகம் கண்டது. ஜெனீவாவிலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீற்றர் சென்ற நியூத்திரினோக்கள் ஒளியை 60 நனோ செக்கன் முந்தியதாக அறிவிக்கப்பட்டது. சரியாகப் பொருத்தப்படாத ஒளியிழை வடமொன்றே பிரதான காரணமென மறு ஆண்டு தெரியவந்தது. ஐன்ஸ்டைனின் கொள்கை தப்பியது.

இன்று ஜெனீவாப் பெருமோதியின் தரமுயர்த்தலுக்காக, ஏறத்தாழ 30 பிக்கோ செக்கன் நுட்பமுள்ள உணர்கருவிகள் உருவாக்கப்படுகின்றன. அந்நேரத்தில் ஒளி கடப்பது 9 மில்லிமீற்றரே. அங்குள்ள அற்லஸ் ஆய்வில் ரொறன்ரோப் பல்கலைக்கழகமும் பங்கேற்கிறது. உதகமண்டலத்தில் எழுந்த அதே வினாவை இக்கருவிகள் மேலும் நுட்பமாக எழுப்பவுள்ளன என்பது எமது இளம் மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது.