ஆட்டோபைலட் ஏன் பாம்பாய் நெளிகிறது?

திசையை அமைத்துவிட்டு டீ போடப் போகிறீர்கள். திரும்பி வந்தால், பாய்மரப் படகின் பின்னால் நுரைத்தடம் பாம்பாக நெளிந்து கிடக்கிறது. ஏன்?

ஆட்டோபைலட்டுக்குக் கண் கிடையாது. மின்னணுத் திசைகாட்டியை நம்பி, மோட்டாரால் சுக்கானைத் திருப்புகிறது, அவ்வளவே. திசை 2 டிகிரி விலகியதற்கே சுக்கானை அளவுக்கு மீறித் திருப்பும்படி அமைத்திருந்தால், படகு மறுபக்கம் தாண்டிவிடும். அதைத் திருத்தப் போய் மீண்டும் இந்தப் பக்கம். அந்த அமைப்பைக் கொஞ்சம் குறைத்தால் நெளிவு அடங்கும். திசையே தப்பாக இருந்தால் திசைகாட்டியின் பக்கத்து அலமாரியைத் திறந்து பாருங்கள். ஸ்பீக்கரோ இரும்புக் கருவிப் பெட்டியோ இருக்கலாம்.

ஆனால் கருவியைத் திட்டுமுன் பாயைப் பார்க்க வேண்டும் என்பேன். ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுச் சுக்கான் கட்டையைக் கையில் பிடியுங்கள். ஐந்து நிமிடத்தில் தோள் வலிக்கிறதா? பலத்த காற்றில் பெரிய பாய் படகைக் காற்றை நோக்கியே திருப்புகிறது. மோட்டார் பாவம், விடாமல் மல்லுக்கட்டுகிறது. பிரதான பாயைச் சுருக்குங்கள்.

பாய் சரி, இருந்தும் கருவி திடீர் திடீரென அணைகிறதா? மின்இணைப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். சும்மா இருக்கும்போது மீட்டர் 12 வோல்ட் காட்டும். மோட்டார் இழுக்கும் நொடியில் சடாரென இறங்கும். அதனால் மோட்டார் ஓடும்போதே, கருவியின் முனையிலேயே அளக்க வேண்டும்.