டூர் போட்டோக்களைத் தொலைக்காமல் கம்ப்யூட்டரில் சேர்ப்பது எப்படி?

கோடை விடுமுறையில் நண்பர்களோடு டூர் போய் வந்ததும் எல்லோரும் ஒரே வேலையை நம்மிடம் தருவார்கள். "எல்லா போட்டோவையும் உன் கம்ப்யூட்டரில் போட்டு வை, அப்புறம் வாங்கிக்கொள்கிறோம்." கார்டைச் செருகி காப்பி, பேஸ்ட் செய்தால் முடிந்தது என்று நானும் நினைத்தேன். ஒரு தவறான கிளிக்கில் 55 போட்டோக்களை இழந்த பிறகுதான் புரிந்தது.

2010 மே மாதம் நண்பர்கள் நால்வர் கொடைக்கானல் கோடை விழாவுக்குப் போனோம். எங்களில் ஒருவருடைய தந்தை நாதஸ்வரக் கலைஞர். முதல் நாள் மாலை அங்கே மேடையில் அவருடைய கச்சேரி. அதைக் கேட்கத்தான் பயணமே. கச்சேரி முடிந்ததும் அவரை நடுவில் நிறுத்தி நாங்கள் எடுத்துக்கொண்ட படமும் அன்றைய கணக்கில் உண்டு.

எங்களிடம் இரண்டு கேமராக்கள். இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் புதியவை. நண்பரின் கேமராவில் 214 படங்கள், என்னுடையதில் 186. முதலில் நண்பரின் படங்களை ஒரு போல்டரில் போட்டேன். பிறகு அதே போல்டரில் என் படங்களையும் பேஸ்ட் செய்தேன். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. படிக்காமல் 'எஸ் டு ஆல்' கிளிக் செய்தேன். நண்பரின் கார்டை பார்மட் செய்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், 400 இருக்க வேண்டிய போல்டரில் 214 படங்கள்தான்!

என்ன நடந்தது?

கேமராக்கள் படங்களுக்கு நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பெயரை வைக்கும். ஐஎம்ஜி_0001, ஐஎம்ஜி_0002 என்று போகும். 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். ஒரே வகைக் கேமராக்கள் இரண்டு இருந்தால் ஒரே பெயரில் இரண்டு படங்கள் வருவது சாதாரணம். ஒரு போல்டரில் ஒரே பெயரில் இரண்டு பைல்கள் இருக்க முடியாது. எனவே என் 186 படங்கள், நண்பரின் முதல் 186 படங்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன. இப்படி அழியும் பைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

கச்சேரியின் மூன்று நிமிட வீடியோ மட்டும் தப்பியது. அதன் எண்ணில் என்னிடம் ஒரு படம் இருந்தாலும், பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷன் வேறு. ஆகவே அது வேறு பைல்.

மீட்டது எப்படி?

சாதாரணமாக பார்மட் செய்யும்போது கார்டில் உள்ள படங்கள் உடனே அழிவதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் அழிகிறது. புதிய படம் அந்த இடத்தில் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவச புரோகிராம் இப்படிக் கிடப்பவற்றைத் தேடி எடுத்துத் தரும்.

ஆனால் நான் போன் செய்வதற்குள் நண்பர் ஒரு விசேஷத்தில் அதே கார்டில் படம் எடுத்துவிட்டார். கேமரா அவற்றைக் கார்டின் தொடக்கத்திலிருந்து எழுதியிருந்தது. மீண்டவை 159; போனவை முதல் 55. முதல் நாள் மாலை எடுத்தவை எல்லாம் அந்த 55-இல் அடக்கம்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் கார்டை உடனே கேமராவிலிருந்து எடுத்துவிடுங்கள். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள். பழைய பெயர்கள் திரும்ப வராது. இன்றைய மொபைல்களின் உள் மெமரியில் தகவல்கள் பூட்டப்பட்ட நிலையில் இருப்பதால் அங்கே இந்த வழி பொதுவாகப் பலிக்காது.

சரியான முறை

1. டூருக்கு ஒரு போல்டர், அதற்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு போல்டர் உருவாக்குங்கள். அவரவர் படம் அவரவர் போல்டரில் மட்டும்.

2. 'கட்' வேண்டாம், 'காப்பி' செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனாலும் கார்டில் மூலப் படம் இருக்கும்.

3. ஒரே பெயரில் பைல் இருப்பதாக விண்டோஸ் சொன்னால் 'ரீபிளேஸ்' கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றாக முடிவு செய்யும் வழியைத் தேர்ந்து இரண்டையும் டிக் செய்தால், ஒன்றின் பெயரில் எண் சேர்த்து இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

4. போல்டரில் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். பைல்களின் எண்ணிக்கையும் அளவும் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

5. எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி, 'கொடைக்கானல்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கொடைக்கானல் (1), (2) என்று தானாகப் பெயர் மாறும். ஒவ்வொரு போல்டருக்கும் வேறு பெயர் கொடுங்கள்.

6. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது பிரதி எடுத்த பிறகே கார்டை பார்மட் செய்யுங்கள்.

கச்சேரி வீடியோ எடுப்பவர்களுக்கு

முதலில் விழா நடத்துபவரிடமும் கலைஞரிடமும் அனுமதி கேளுங்கள். 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டுகள் பேட்32 என்ற முறையில் இயங்குகின்றன. அதில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் நீண்ட கச்சேரியைக் கேமரா பல துண்டுகளாக எழுதும். ஒன்றை மட்டும் காப்பி செய்தால் ராகம் பாதியில் நின்றுவிடும்.

நண்பர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் வாங்கினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கி, தரம் குறையும்.

நண்பரின் தந்தை 2013-இல் காலமானார். அந்த மூன்று நிமிட வீடியோ இன்று எங்கள் நான்கு வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் இருக்கிறது. அவரோடு நாங்கள் நின்ற படம் யாரிடமும் இல்லை. இந்தக் கோடையில் கார்டைச் செருகியதும், திரையில் வரும் கேள்வியை ஒருமுறை படித்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள்.